வடக்குத் தெருவின் நன்றித் தீர்மானம்

“இனிமே இந்த வூட்டுல பிரசிடெண்ட்ட பத்தி ஒரு வார்த்த கொறச்சலா வரக் கூடாது. இது என் முடிவு. கடைசி முடிவு!”

நடனசபாபதி இதைப் பல் விளக்கிக்கொண்டே சொன்னார். வாய் நிறைய நுரை. அதனால் அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு முடிவின் முன்பாதிதான் கேட்டது. பின்பாதி வாளியில் விழுந்துவிட்டது.

“கொப்புளிச்சிட்டு சொல்லுங்க மாமா.”

கொப்புளித்துவிட்டுச் சொன்னார். இந்த முறை அவ்வளவு வீரமாக வரவில்லை.

ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில் இறங்கிக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் தாழம்பள்ளம். அங்கே ‘தேவநாதன் சவுண்ட் சர்வீஸ்’ நடனசபாபதியைத் தெரியாதவர் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ கருமாதியோ, முதலில் ஊருக்குக் கேட்பது அவர் குரல்தான். “அலோ... அலோ... மைக் டெஸ்டிங்...” கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் மனுசன் சிங்கம். என்ன கஷ்டம் என்றால், வீட்டில் மைக் கிடையாது.

தாழம்பள்ளத்துப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் இளவரசு அவருக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. ‘மச்சான்’ என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வார்கள். இளவரசு தேர்தலில் நின்றபோது பதினைந்து நாள் தொண்டை கிழியக் கத்தியவர் நம்ம ஆள். ஜெயித்த பிறகு ஒரு சால்வைகூட எதிர்பார்க்கவில்லை. பிரசிடெண்ட் தும்மினால்கூட அதில் ஏதோ ஒரு திட்டம் இருக்கும் என்று நம்புகிற பக்தி அவருடையது. அப்படி ஒரு பக்தியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை, சத்தியமாக.

அந்தப் பக்திக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. வடக்குத் தெரு வாய்க்கால்.

நடனசபாபதி குடியிருப்பது வடக்குத் தெருவில். மழைத்தண்ணி வடிய அந்தத் தெரு ஓரமாக ஒரு காலத்தில் வாய்க்கால் இருந்தது என்று சர்வே மேப் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தூர்ந்துபோய், அதன் மேல் ஆடு மேய்ந்து, பசங்கள் வாலிபால் ஆடி, வாய்க்கால் இருந்த அடையாளமே அழிந்து கிடந்தது. ஐப்பசியில் தண்ணி வரும். வாய்க்காலைத் தேடிப் பார்க்கும். கிடைக்காமல், சரி என்று வீட்டுக்குள் வந்துவிடும்.

போன வருசம் அப்படி வந்த தண்ணியில் புஷ்பவள்ளியின் தையல் மிஷின் மோட்டார் முழுகிப்போனது. தீபாவளிக்குத் தைக்கச் சொல்லி ஊர்ப் பெண்கள் கொடுத்திருந்த ஜாக்கெட் துணி இருபத்திரண்டு, ஒன்றோடொன்று சாயம் ஏறி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அது என்ன நிறம் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பதினோரு நாள் மிஷின் கட்டில் மேலே, புஷ்பவள்ளி அடுப்பு மேடை மேலே. இருபது வருசமாகச் சேர்த்த நல்ல பெயர் அவளுக்கு அந்த மிஷினில்தான் இருந்தது. இந்த வருசமும் துணி நனைந்தால் ஒருத்தியும் அவளிடம் துணி கொடுக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாலு வருசமாக அவள் கேட்காத நாளில்லை. நடனசபாபதியும் பிரசிடெண்டிடம் போய்ச் சொல்லாமல் இல்லை. பதில்தான் ஒரே பதில்.

“மச்சான், வடக்குத் தெரு நம்ம தெரு. நம்ம ஓட்டு எங்க ஓடிடப் போவுது? மொதல்ல எதிராளி தெருவ சரி பண்ணி வளைக்கணும். அரசியல்னா அதான்.”

ஆகா, என்ன மூளை என்று நடனசபாபதி வியந்துகொண்டே திரும்பி வருவார். எதிராளி என்றால் பாலகுமார். இளவரசிடம் தோற்றவர். அவர் குடியிருக்கும் தெற்குத் தெருவுக்கு சிமெண்ட் கல் பதித்தாயிற்று, லைட் போட்டாயிற்று, வாய்க்கால் கட்டியாயிற்று. இப்போது அந்த வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாய்க்கால் கட்டவும் அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். இவ்வளவு செய்தும் பாலகுமார் வளையவில்லை. அக்டோபர் ரெண்டாம் தேதி கிராம சபையில் எழுந்து, “நாலு வருசத்துல என்ன செஞ்சீங்க?” என்று கேட்கப்போவதாக டீக்கடையில் சொல்லிவிட்டார்.

உடனே பிரசிடெண்ட் நடனசபாபதியைக் கூப்பிட்டு அனுப்பினார். “மைக்கும் உன்னுது, வாயும் உன்னுது. நீ எழுந்து என் சாதனைய சொல்லு மச்சான். அவன் வாயடைச்சுப் போவணும்.”

அதே நேரம் பார்த்து வீட்டில் புஷ்பவள்ளி, “இந்தத் தடவ கிராம சபையில நானே எழுந்து வாய்க்கால கேக்கப் போறேன்” என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அதனால்தான் காலையில் அந்தக் கடைசி முடிவு.

“ஏன் மாமா, ஓட்டுப் போட்ட நாம கேக்காம வேற யாரு வந்து கேப்பா?” அவள் துணியை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஓட்டுப் போட்டவன் தாங்கிப் பேசணும் புஷ்பா. திட்டறதுக்குத்தான் பாலகுமார் இருக்கானே. நாமளும் திட்டுனா அவனுக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்?”

“அவன் தெருவுல தண்ணி நிக்கல. நம்ம தெருவுல நிக்குது.”

“பாத்தியா, எடக்கு! கொற இருந்தா தனியா காதோட சொல்லணும். சபையில சொல்லக் கூடாது.”

“நாலு வருசமா காதோடதான சொல்றீங்க? அந்தக் காதுல அடைப்பு ஏதாச்சும் இருக்கா?”

“புஷ்பா! நீ மட்டும் அங்க எழுந்தின்னா என் மானம் கப்பல் ஏறிடும். பிரசிடெண்ட்டுக்கு மைக் கட்டறவன் பொண்டாட்டியே அவர எதுத்துக் கேக்கறான்னு ஊரே சிரிக்கும். என் தொழிலும் போயிடும். பாத்துக்க.”

கத்தரிக்கோல் நின்றது. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சாந்தமாகச் சொன்னாள்.

“சரி மாமா. நீங்க சொல்றதுதான் சரி.”

நடனசபாபதி காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தியொரு வருசத்தில் இந்த வாக்கியத்தை அவர் ரெண்டே தடவைதான் கேட்டிருக்கிறார். ஒரு தடவை அவளுக்கு நூற்றிநாலு டிகிரி காய்ச்சல். இன்னொரு தடவை போனில் வேறு யாரிடமோ சொன்னாள்.

“நெசமாவா சொல்ற?”

“நெசமாத்தான். திட்டக் கூடாது, புகழணும். ஆனா புகழ்றதுன்னா ஏனோதானோன்னு புகழக் கூடாது மாமா. ஒண்ணு வுடாம, அளவோட, தேதியோட சொல்லணும். கேக்கறவன் மலைச்சுப் போவணும். நோட்ட எடுங்க.”

மனைவி இப்படி ஒரே நிமிசத்தில் மனம் மாறியதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தியொரு வருசம் கழித்தாவது பலித்ததே என்று நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதினார். தெற்குத் தெரு சிமெண்ட் கல். தெற்குத் தெரு லைட். தெற்குத் தெரு வாய்க்கால். பஸ் ஸ்டாப்புக்கு பெயிண்ட். சுடுகாட்டுக்கு ஷெட். எழுதி முடித்துக் கம்பீரமாகப் படித்துக் காட்டினார்.

“பிரமாதம் மாமா,” என்றாள் புஷ்பவள்ளி. “ஒரு சந்தேகம்தான். பாலகுமார் எழுந்து, ‘ஏம்பா, உன் தெருவுல என்னா செஞ்சாரு உன் பிரசிடெண்ட்டு?’ன்னு கேட்டா?”

நடனசபாபதி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் வடக்குத் தெரு இல்லை.

“கேப்பானா?”

“எனக்கென்ன தெரியும். நான் ஜாக்கெட் தைக்கிறவ.” மிஷின் ஓட ஆரம்பித்தது.

அடுத்த மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. செய்யவில்லை என்று சொன்னால் பிரசிடெண்ட் மானம் போகும். செய்வார் என்று சொன்னால், நாலு வருசமா என்ன பண்ணார் என்று அடுத்த கேள்வி வரும். இட்லியைப் பிட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். புஷ்பவள்ளி அவரைத் தொந்தரவு செய்யவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கிராம சபைய மேல்பார்வ பாக்க ஒன்றிய ஆபீஸ்லேர்ந்து பற்றாளர் வருவாங்கல்ல, இந்தத் தடவ புதுசா ஒரு பொண்ணாம். திட்டக்குடி பக்கமாம். நம்ம ஊருல எந்தத் தெரு எங்க இருக்குன்னே தெரியாதாம், பாவம்.”

“ம்.”

மறுநாள் இன்னொன்று. “இந்த பாலகுமார் இருக்கானே, தோத்ததுலேர்ந்து வடக்குத் தெருவுல கால் வைக்கமாட்டேன்னு சபதமாம். நாலு வருசமா ஊர சுத்திக்கிட்டுதான் பஸ்ஸுக்குப் போறானாம். என்னா வீம்பு பாருங்க!”

“ம்.”

மூன்றாம் நாள் மத்தியானம், ரசம் சாதத்தின் நடுவில், நடனசபாபதி துள்ளி எழுந்தார்.

“புஷ்பா! வந்துடுச்சு! யோசன வந்துடுச்சு!”

“என்னா மாமா?”

“வாய்க்கால் வெட்டியாச்சுன்னு சொல்லிடறேன்!”

“எந்த வாய்க்கால்?”

“நம்ம வாய்க்கால்தான்! அந்த ஆபீசர் பொண்ணுக்குத் தெருவே தெரியாது. பாலகுமார் இந்தப் பக்கமே வர்றதில்ல. நம்ம தெருக்காரங்க நம்ம ஆளுங்க, காட்டிக் குடுக்க மாட்டாங்க. கேக்க நாதி ஏது? எப்பிடி என் மூள?”

புஷ்பவள்ளி மோவாயில் கைவைத்து அசந்துபோனாள். “ஐயோ, பொய்யா மாமா?”

“பொய்யில்லடி. பின்னால செய்யப் போறத முன்னால சொல்றது. அரசியல்னா அதான்.”

“இப்பிடி ஒரு யோசன எனக்கு நூறு வருசமானாலும் வராது மாமா,” என்றாள் அவள். அவள் கண்ணில் இருந்த மரியாதையைப் பார்த்து நடனசபாபதிக்கு நெஞ்சு ஒரு அங்குலம் அகலமானது. “ஆனா அளவு சொல்லணுமே?”

“ஏதாச்சும் ஒரு எரநூறு மீட்டர்னு...”

“நானூத்தி பன்னெண்டு,” என்றாள். “அகலம் ரெண்டு அடி, ஆழம் மூணு அடி. மேல மூட வூட்டுக்கு ஒண்ணா முப்பத்தெட்டு சிமெண்ட் சிலாப்பு.” பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, “வாயில வந்தத சொன்னேன் மாமா. வேணாம்னா மாத்திக்கங்க.”

வாயில் வந்தது நன்றாகத்தான் இருந்தது. எழுதிக்கொண்டார்.

அக்டோபர் ரெண்டாம் தேதி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் சாமியானா. நடுவில் பிரசிடெண்ட். பக்கத்தில் பற்றாளர் மோகனப்பிரியா, சின்ன வயசு, முகத்தில் கண்டிப்பு. ஓரத்தில் தீர்மான நோட்டோடு ஊராட்சி செயலர். கூட்டம் எப்போதும் இல்லாத அளவுக்கு இருந்தது. அதிலும் வடக்குத் தெருப் பெண்கள், வீட்டுக்கு ரெண்டு பேர் வீதம், முன்வரிசையை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். நம்ம பேச்சைக் கேட்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நடனசபாபதி நினைத்துக்கொண்டார். மனுசன் எப்போதும் நல்லதையே நினைப்பவர்.

பாலகுமார் எழுந்தார். கேட்டார். நம்ம ஆள் மைக்கைப் பிடித்தார்.

அடடா, அந்தப் பேச்சைச் சொல்ல எனக்கு வாய் போதாது. தெற்குத் தெரு லைட்டை அவர் வர்ணித்ததில், அந்தத் தெருக்காரர்களே நம்ம தெருவிலா இவ்வளவு வெளிச்சம் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சுடுகாட்டு ஷெட்டைப் பற்றிச் சொன்னபோது ஒரு பெரியவர் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசிடெண்ட் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனார்.

“அதெல்லாம் சரி,” என்று பாலகுமார் குறுக்கே வந்தார். “உன் வடக்குத் தெருவுல என்னா செஞ்சாரு?”

சொன்னாளே, கேட்பான் என்று! நடனசபாபதி ஒரு செருமல் செருமினார்.

“என்னா செஞ்சாரா? எங்க வடக்குத் தெரு வடிகால் வாய்க்கால, நானூத்தி பன்னெண்டு மீட்டர் நீளம், ரெண்டடி அகலம், மூணடி ஆழம், முப்பத்தெட்டு சிலாப்போட வெட்டிக் குடுத்த வள்ளல் எங்க பிரசிடெண்ட்! நீ அந்தப் பக்கம் வந்திருந்தா பாத்திருப்ப!”

பிரசிடெண்ட் நாற்காலியில் பாதி உயரத்தில் நின்றார். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

முதல் கைத்தட்டல் முன்வரிசையிலிருந்து வந்தது. தட்டியவள் அடுத்த வீட்டுப் பட்டம்மாள். உடனே வடக்குத் தெரு மொத்தமும் தட்டியது. பாலகுமார் எதை வைத்து மறுப்பார்? அந்தத் தெருவைப் பார்த்து நாலு வருசமாயிற்றே. உட்கார்ந்துவிட்டார். வெற்றி என்று நடனசபாபதி மைக்கை ஸ்டாண்டில் வைக்கப்போகும் நேரத்தில், ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

புஷ்பவள்ளி!

நடனசபாபதி மைக் வயரைப் பிடித்து இழுத்தார். “புஷ்பா, வேணாம்... சொன்னியே, திட்டமாட்டேன்னு...” என்று முனகினார். அந்த முனகலும் மைக்கில் கேட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். நான் யாரையும் கொற சொல்ல வரல. இம்மாம் பெரிய வேலைய செஞ்சுட்டு வெளிய சொல்லிக்காம இருக்காரு நம்ம பிரசிடெண்ட்டு அண்ணன். நாங்க நன்றி கெட்டவங்க இல்ல. அதனால, வடக்குத் தெரு வாய்க்கால் வேலைய முடிச்சுக் குடுத்ததுக்கு இந்த கிராம சபை பிரசிடெண்ட்டுக்கு நன்றி சொல்லுதுன்னு ஒரு தீர்மானம் போடணும். அளவெல்லாம் என் வூட்டுக்காரர் சொன்ன மாதிரியே எழுதிக்குங்க சார்.”

தாழம்பள்ளத்தில் கிராம சபை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நன்றி சொல்லி ஒரு தீர்மானம் வந்ததில்லை. செயலருக்கு எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. பற்றாளர் மோகனப்பிரியா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“ரொம்ப நல்ல விஷயம். எழுதுங்க,” என்றார். “நான் போன எல்லா ஊர்லயும் புகார்தான். தலைவர் சார், நல்லா முடிஞ்ச வேலைங்க போட்டோவோட மேலிடத்துக்கு லிஸ்ட் அனுப்பணும். இதையே அனுப்பறேன். வர்ற பதினாறாம் தேதி திங்கக்கிழமை நானே டேப்போட வரேன். வேலை முடிஞ்சதுதானே?”

சபை மொத்தமும் பிரசிடெண்டைப் பார்த்தது. குறிப்பாக பாலகுமார் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பாலகுமாருக்குக் கொண்டாட்டம். ஆமாம் என்று சொன்னால் திங்கக்கிழமை.

“மு... முடிஞ்சதும்மா,” என்றார் இளவரசு.

எழுபத்தாறு கையெழுத்து. எல்லாம் வடக்குத் தெரு. பேனாவுக்குப் பஞ்சம் வந்துவிடக் கூடாது என்று ஆளாளுக்கு வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிரசிடெண்ட் நடனசபாபதியை ஆபீஸ் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், நீ எனக்கு ஆதரவாளனா எதிரியா? இப்பவே சொல்லிடு.”

“என்னா மச்சான் இப்பிடி கேக்கற? உனக்காகத்தான...”

“நாலு வருசமா பாலகுமார் என்ன திட்டறான். என்னிக்காச்சும் எனக்கு ஒரு வேல வச்சானா? நீ ஒரே ஒரு தடவ புகழ்ந்த. பதினாலு நாள்ல நானூத்தி பன்னெண்டு மீட்டர் வெட்டணும்! அதென்ன பன்னெண்டு? நானூறோட நிறுத்தறதுக்கு என்னா?”

“வாயில வந்தத சொன்னேன் மச்சான்,” என்றார் நடனசபாபதி.

மறுநாள் காலையில் வடக்குத் தெருவுக்குப் பொக்லைன் வந்தது. பாலகுமார் காதுக்கு, தூர் வாருகிறார்கள் என்றுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. தெற்குத் தெருவுக்கு ரெண்டாவது தடவையாகக் கட்ட வைத்திருந்த வேலை அப்படியே இங்கே திரும்பிவிட்டது. பிரசிடெண்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்க வேண்டியது நடனசபாபதியின் தண்டனை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அவர் தன் மூளையை நினைத்து நொந்துகொண்டார். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கை கழுவியிருக்கலாம்!

புஷ்பவள்ளி மட்டும் தினமும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். வந்தவள் எட்டிப் பார்ப்பாள்.

“அண்ணே, இந்த எடத்துல ரெண்டு அங்குலம் கொறையற மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும் தங்கச்சி, யாரு பாக்கப் போறா?”

“எனக்கென்னண்ணே. தீர்மானத்துல மூணு அடின்னு இருக்கு. நாளைக்கு அந்தப் பொண்ணு டேப்ப வுட்டா உங்க பேருதான கெடும்? உங்களுக்கு ஒரு கொறச்சல் வந்தா எங்க தெரு தாங்குமா?”

பிரசிடெண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு பொக்லைன்காரரைப் பார்ப்பார். பொக்லைன் ரெண்டு அங்குலம் தோண்டும்.

பதினாறாம் தேதி மோகனப்பிரியா வந்தார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் டேப் வைத்து அளந்தார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்தார். பிறகு நோட்டைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், பிரசிடெண்டைப் பார்த்தார்.

“நானூத்தி பன்னெண்டு. சரியா இருக்கு சார். நோட்டுல இருக்கறதும் தரையில இருக்கறதும் ஒண்ணா இருந்து நான் இப்பதான் பாக்கறேன்,” என்றார். பிரசிடெண்டை வாய்க்காலோடு நிற்க வைத்து எட்டு போட்டோ எடுத்தார். “உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்.”

இளவரசு வெட்கப்பட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக நிஜமான ஒரு காரியத்துக்காக அவரை ஒருத்தர் புகழ்கிறார். அவருக்கே அது புதுசாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தனியாக வந்து வாய்க்காலை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா அது! நாலு நாள் வானம் மூச்சு விடவில்லை. தண்ணி வழக்கம்போல் வடக்குத் தெருவுக்கு வந்தது. வந்த தண்ணி வாய்க்காலைத் தேடியது. கிடைத்தது. கலகலவென்று உள்ளே இறங்கி, முப்பத்தெட்டு சிலாப்புக்கும் அடியில் ஓடி, ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. நடனசபாபதி வாசலில் குடையோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மடிப்புக் கலையாமல் தீபாவளி ஜாக்கெட்டுகள் ஒரு ஆள் உயரத்துக்கு. அவருக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

எல்லாம் யாரால்? யோசித்தால் தன்னால்தான் என்று பட்டது. அன்றைக்குத் தனக்கு மட்டும் அந்த யோசனை வராமல் இருந்திருந்தால்? பிரசிடெண்ட் திட்டியதெல்லாம் மறந்துவிட்டது. மழை விட்டதும் டீக்கடைக்குப் போய்த் தன் மூளையின் பெருமையை எல்லோருக்கும் விவரமாகச் சொன்னார். டீக்கடையில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பாலகுமார்கூடக் கேட்டார். நவம்பர் ஒண்ணாம் தேதி மறுபடி கிராம சபை வருகிறது, அன்றைக்கும் பேச்சு உண்டு என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கிழக்குத் தெரு தில்லையம்மாள். ஜாக்கெட் வாங்க வந்திருப்பாள் போல.

“எங்க தெரு தண்ணி டேங்க்கு மூணு வருசமா ஒழுவிக்கிட்டே கெடக்குதுக்கா. கேட்டுக் கேட்டு வாயே வலிக்குது.”

“கேக்கறதாலதாண்டி நடக்கல,” என்றாள் புஷ்பவள்ளி. “எத்தினி லிட்டர் டேங்க்கு, என்னிக்கு மாத்துனதா வச்சிக்கலாம், எல்லாம் சரியா எழுதிக் குடு. ஒங்க தெருக்காரங்க அம்பது பேர மட்டும் முன்னால வந்து ஒக்கார சொல்லு. ஆளுக்கொரு பேனாவோட.”

நடனசபாபதி ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார். திட்டக்குடிப் பெண்ணுக்குத் தெரு தெரியாது என்று சொன்னது யார்? பாலகுமார் இந்தப் பக்கம் வருவதில்லை என்று சொன்னது யார்? நானூத்தி பன்னெண்டு யார் வாயில் வந்தது? ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சிதம்பரம் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி பிரமிப்பாக இருந்தது. பிரசிடெண்டாம், மூளையாம்! இத்தனை நாளாகத் தப்பான ஆளை அல்லவா வியந்துகொண்டிருந்திருக்கிறோம்!

“ஆனா உங்க வூட்டு அண்ணன் ஒத்துக்கணுமேக்கா?” என்று தில்லையம்மாள் கவலைப்பட்டாள். “எங்க டேங்க்க பத்திப் புகழ்ந்து பேசுங்கன்னு நானே அவருகிட்ட கேட்டுப் பாக்கட்டா?”

“ஐயோ, நீ ஒண்ணும் கேட்டு வைக்காத,” என்றாள் புஷ்பவள்ளி. “அவரு நல்ல மனுசன். மூணு நாள் டைம் குடு, அவரே யோசிச்சிடுவாரு.”